விரிகுடாவைச் சுற்றி ஒரு வகுப்பு

(கடலோரப் பள்ளி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பாக் விரிகுடாக் கரையில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். பள்ளிச் சுற்றுலா என்றதும் பிள்ளைகள் சொல்லும் ஊர்கள் உங்களுக்கே தெரியும். ஊட்டி, கொடைக்கானல், சென்னை. இரவெல்லாம் பேருந்துப் பயணம், பகலெல்லாம் வரிசையில் நிற்பது. அந்த மகிழ்ச்சியும் பிள்ளைகளுக்கு வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் செலவைக் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் அன்று பள்ளியிலேயே இருந்துவிடுவார்கள். எங்கள் பள்ளியில் அப்படி இருந்துவிடுபவர்கள் பாதிக்கு மேல். அதனால் தலைமை ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தோம். எல்லாப் பிள்ளைகளும் வரக்கூடிய பயணம் வேண்டும். அது ஒரு நாளில் போய்த் திரும்புவதாக இருக்க வேண்டும். அப்படித்தான் எங்கள் விரிகுடாவையே சுற்றிப் பார்க்கத் தொடங்கினோம்.

கோடியக்கரையிலிருந்து தனுஷ்கோடி வரை இந்தக் கரை 200 கிலோமீட்டருக்கும் மேல் வளைந்து செல்கிறது. ஒரே நாளில் பார்க்க முடியாது. அதனால் வடக்கு, நடு, தெற்கு என்று மூன்றாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டோம். ஆறாம் வகுப்பில் எங்களிடம் சேரும் பிள்ளை எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் விரிகுடாவை முழுதாகப் பார்த்து முடித்துவிடும்.

முதலில் வரைபடம்

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு வரைபடத்தை விரித்து வைத்து உட்காருவோம். வங்காள விரிகுடா, மன்னார் வளைகுடா என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். விரிந்து கிடப்பது விரிகுடா, வளைந்து உட்புகுந்தது வளைகுடா என்று சொற்களைப் பிரித்துக் காட்டினால் மனப்பாடம் தேவைப்படாது. வடக்கே கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் நடுவில் உள்ள குறுகலான வாயில் பாக் நீரிணை. தெற்கே இராமேசுவரம் தீவும், தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள மணல்திட்டுகளும், மன்னார்த் தீவும் வேலி போட்டதுபோல் நிற்கின்றன. நடுவில் இருக்கும் கடல்தான் நம்முடையது. 1763 முதல் 1767 வரை சென்னையின் ஆளுநராக இருந்த இராபர்ட் பாக் என்பவரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. "அதுக்கு முன்னாடி இந்தக் கடலுக்குப் பேரே இல்லையா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். உன் தாத்தா என்ன பெயர் சொல்கிறார் என்று கேட்டு வா என்றேன். மறுநாள் பத்துப் பேர் பத்துப் பெயர்களோடு வந்தார்கள். ஒவ்வொரு குப்பத்துக்கும் அதன் முன்னால் இருக்கும் கடலுக்கு ஒரு பெயர் இருக்கிறது.

அடுத்து, 'பட்டினம்' என்று முடியும் ஊர்களை வரைபடத்தில் தேடச் சொல்வேன். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், சுந்தரபாண்டியன்பட்டினம், பாசிப்பட்டினம், தேவிபட்டினம். கடற்கரை ஊரைப் பட்டினம் என்று அழைப்பது பழந்தமிழ் வழக்கு. இத்தனை பட்டினங்கள் வரிசையாக இருந்தால் இங்கே என்ன நடந்திருக்கும்? மரக்கலங்கள் வந்திருக்கும், வணிகம் நடந்திருக்கும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நடுவில் சேதுபாவாசத்திரம் என்று ஒரு பெயர் வரும். இங்கே ஏன் சத்திரம்? இராமேசுவரத்துக்கு நடந்தே போன யாத்திரிகர்கள் தங்குவதற்குத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் இந்தப் பாதையில் சத்திரங்கள் கட்டினார்கள். ஊர்ப் பெயரே ஒரு வரலாற்றுச் சான்று என்பதை இதைவிட எளிதாகச் சொல்லித்தர எனக்கு வழி தெரியவில்லை.

வடக்கு: உப்பும் அலையாத்தியும்

முதல் ஆண்டுப் பயணம் கோடியக்கரையில் தொடங்கும். கல்கியின் பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு இங்கே பூங்குழலி நினைவுக்கு வருவாள். பிள்ளைகளுக்கு வெளிமான்கள்தான். 1967இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் இது. 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. குளிர்காலத்தில் போனால் பூநாரைகளைப் பார்க்கலாம். ஆகவே சனவரியில் போவது நல்லது.

அங்கிருந்து வேதாரண்யம். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் நடக்கத் தொடங்கி, ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் வந்தார்கள். 30ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பு எடுத்தார்கள். இராஜாஜி கைதானார். இது பாடநூலில் உள்ளதுதான். தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று அன்றைய தஞ்சை ஆட்சியர் தார்ன் அறிவித்தார். மக்களோ உணவுப் பொட்டலங்களை வழிநெடுக மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். இதைப் புளியமரத்தடியில் நின்று சொல்லுங்கள். பிள்ளைகள் தாமாகவே அண்ணாந்து கிளைகளைப் பார்ப்பார்கள்.

உப்பளத்தில் இப்போதும் வேலை நடக்கிறது. ஒரு பாத்தியில் எவ்வளவு உப்பு கிடைக்கும், மழை வந்தால் என்ன ஆகும், கூலி எவ்வளவு என்று அங்கே வேலை செய்யும் அக்காவிடம் பிள்ளைகளையே கேட்கச் சொல்வேன். வெள்ளை வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த அக்கா பதில் சொன்னபோது, 1930இல் உப்பு ஏன் அவ்வளவு பெரிய செய்தியானது என்பது அவர்களுக்குப் புரிந்தது. ஆவியாதல் பற்றிய அறிவியல் பாடமும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

மாலையில் முத்துப்பேட்டை. ஜாம்பவானோடையிலிருந்து படகில் ஏறினால் இருபுறமும் அலையாத்திக் காடு. சேற்றிலிருந்து பென்சில் முனைகளைப்போல மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சுவாச வேர்களைத் தாவரவியல் ஆசிரியர் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்தாலும் இப்படி வராது. அலையை ஆற்றுவதால் அலையாத்தி. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தப் பகுதியில்தான் கரை கடந்தது. அந்த இரவை வீட்டில் எல்லாரும் பேசக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம்மிடம் படிக்கிறார்கள். அவர்களுக்குப் புயல் பாடத்தை நாம் நடத்த வேண்டியதில்லை. அவர்களைப் பேசவிட்டால் போதும்.

நடு: மனோராவும் ஒரு மாணவனும்

இரண்டாம் ஆண்டில் மனோரா. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கடலோரத்தில் எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம், அறுகோண வடிவம். ஆங்கிலேயர் நெப்போலியனை வென்றதன் நினைவாகக் கட்டப்பட்டது. இங்கே இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: ஐரோப்பாவில் நடந்த போருக்குத் தஞ்சாவூர் அரசர் ஏன் கோபுரம் கட்ட வேண்டும்? 1799 உடன்படிக்கைக்குப் பிறகு நாட்டின் நிருவாகம் கம்பெனியிடம் போய்விட்டது என்ற பாடத்தை அப்போது நினைவூட்டுங்கள். பதில் பிள்ளைகளிடமிருந்தே வரும்.

இரண்டாவது கேள்வி ஆண்டைப் பற்றியது. வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டியது என்று பலரும் சொல்வார்கள். வாட்டர்லூப் போர் நடந்தது 1815 சூனில். கல்வெட்டிலோ 1814 என்று இருக்கிறது. 1814இல் நெப்போலியன் முதன்முறையாகப் பதவி இழந்து எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டார். அப்படியானால் கல்வெட்டு குறிப்பது எந்த வீழ்ச்சியை? கேள்விப்பட்டதையும் கல்லில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் ஏழாம் வகுப்பிலேயே வந்துவிட்டால், அந்தப் பிள்ளை எந்தச் செய்தியையும் அப்படியே நம்பாது.

மனோராவை ஒட்டிய இந்தக் கடலில்தான் கடற்பசு மேய்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவின் உணவு கடற்புல். புல் வளர வெயில் அடிமட்டம் வரை இறங்க வேண்டும். அதற்குக் கடல் ஆழமில்லாமல் இருக்க வேண்டும்.

எவ்வளவு ஆழம்? மணமேல்குடிக் கடற்கரையில் நின்று இதைக் கேட்டேன். எங்கள் வகுப்பில் வாசிப்பில் மிகவும் பின்தங்கிய மாணவன் ஒருவன் இருந்தான். இரண்டு வரி வாசிப்பதற்குள் வியர்த்துவிடுவான். அவன் கையைத் தூக்கினான். "எங்க அப்பா போற எடத்துல எட்டுப் பாகம் டீச்சர்." பாகம் என்றால் என்ன என்று மற்றவர்கள் கேட்டார்கள். இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினான். "கயித்துல கல்லக் கட்டி எறக்கி, இப்புடி அளந்துகிட்டே இழுப்பாங்க." ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர். எட்டுப் பாகம் என்றால் 14.4 மீட்டர். இந்த விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம் கொண்டது என்று நான் வைத்திருந்த குறிப்பில் இருந்தது. குறிப்பும் அவன் அப்பாவின் கயிறும் ஒத்துப்போயின. அன்று மாலை வரை வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயர்களை அவன் சொல்லிக்கொண்டே வந்தான். எந்தக் காற்றில் எந்த மீன் படும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கடலில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்று ஒரு முறை இருக்கிறது. அந்த அட்டவணையை அவன் தன் கையால் எழுதினான். அதுதான் அவன் முதன்முதலில் முழுதாக எழுதி முடித்த பக்கம். எழுத்துப்பிழை இருந்தது. திருத்தி, வகுப்புச் சுவரில் ஒட்டினோம். அவன் வாசிப்பு ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், இன்னும் திணறுகிறான்தான். ஆனால் பள்ளிக்கு விடாமல் வருகிறான். கடலுக்குப் போகும் வயது நெருங்கும் பையன் பள்ளிக்கு விடாமல் வருவது எவ்வளவு பெரிய செய்தி என்பது இங்கே இருக்கும் கடலோர ஆசிரியர்களுக்குத் தெரியும்.

இதே பயணத்தில் ஆவுடையார்கோயிலின் கல் கொடுங்கைகளையும் தொண்டியையும் பார்த்துவிடலாம். சங்கப் பாடல்களில் புகழ்பெற்ற சேரர் தொண்டி மேற்குக் கரையில் இருந்தது. நம்முடையது கிழக்குக் கரைத் தொண்டி. இரண்டையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். தமிழாசிரியரும் உடன் வந்தால் நல்லது.

தெற்கு: பாலமும் முனையும்

மூன்றாம் ஆண்டு, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்த்துவிட்டு மண்டபம் வழியாகப் பாம்பனுக்குப் போவோம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் மக்களை மண்டபம் முகாமில் தங்கவைத்து, மருத்துவச் சோதனை செய்துதான் அனுப்பினார்கள். பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. சென்னையில் போட் மெயிலில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, அங்கே மீண்டும் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போக முடிந்தது.

சாலைப் பாலத்திலிருந்து பார்த்தால் புதிய பாலம் தெரியும். பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு இறக்கைகளாக மேலே திறந்தது. அதை மனித உழைப்பால்தான் இயக்கினார்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது. இரண்டு அளவுகோல்களைக் கையில் கொடுத்து இரண்டு முறைகளையும் செய்துகாட்டச் சொன்னால் எளிய எந்திரங்கள் பாடம் நடந்துவிடும்.

இராமேசுவரத்தில் பிரகாரத்தைப் பார்த்துவிட்டு அப்துல் கலாம் நினைவிடத்துக்குப் போவோம். அங்கே நான் சொல்வது ஒன்றுதான். கலாம் இங்கே ஐந்தாம் வகுப்பு படித்தபோது சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து விளக்கினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றதும் அன்று மாலையே கடற்கரைக்கு அழைத்துப்போய், பறக்கும் பறவைகளைக் காட்டினார். கலாம் பல மேடைகளில் இதைச் சொல்லியிருக்கிறார். அந்த ஆசிரியரிடம் இருந்தது ஒரு கடற்கரை, ஒரு மாலை நேரம், அவ்வளவுதான்.

பிறகு தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் இந்த ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் போனது. சேதமடைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடியை அப்படிச் சரிசெய்ய முடியவில்லை. தேவாலயத்தின் இடிந்த சுவர்களுக்கு முன்னால் பிள்ளைகள் சத்தம் போடாமல் நிற்பார்கள். நாம் அதட்ட வேண்டியதில்லை.

அரிச்சல்முனையில் ஒருபக்கம் அமைதியான கடல், மறுபக்கம் பொங்கும் கடல். பெண்கடல், ஆண்கடல் என்பார்கள். வாடை வீசும் காலத்தில் இது அப்படியே மாறும். அங்கே எல்லாரும் கை நீட்டி, "அந்தா இலங்கை" என்று படம் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பிள்ளைகளும் எடுத்தார்கள். ஒரு மாணவி மட்டும் தள்ளி நின்றாள். அவள் அப்பா மீன்பிடிக்கப் போன இடத்தில் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, அப்போது அந்தக் கரையில் சிறையில் இருந்தார். பயணத்துக்கு முன்பே அவள் அம்மாவிடம் பேசியிருந்தேன். "போகட்டும் டீச்சர், வீட்டுல இருந்தா அழுதுகிட்டேதான் இருப்பா" என்று அனுப்பியிருந்தார்.

அவளிடம் நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். சிறிது நேரம் கழித்து, "எவ்ளோ தூரம் டீச்சர்?" என்று கேட்டாள். 30 கிலோமீட்டருக்குள்தான் என்றேன். "நம்ம ஊர்லேருந்து ராமநாதபுரம் போற தூரங்கூட இல்லையா?" என்றாள்.

அடுத்த வாரம் வரைபடத்தில் அளவை வைத்து அவளே அளந்தாள். 1974இல் இரு நாடுகளும் இந்த விரிகுடாவில் வகுத்துக்கொண்ட எல்லைக் கோட்டைப் புள்ளி புள்ளியாகக் குறித்தாள். கடலில் அந்தக் கோடு தெரியுமா என்று வகுப்பில் ஒருவன் கேட்டதற்கு அவளே பதில் சொன்னாள்: "கோடு பேப்பர்லதான் இருக்கு. ராத்திரில காத்துக்கும் வலைக்கும் தெரியாது." எல்லை, நீரிணை, அண்டை நாடு என்ற சொற்களை இருபது ஆண்டுகளாக நடத்திவருகிறேன். அன்று வகுப்பில் அவற்றுக்கு வந்த எடை வேறு. அவள் அப்பா சில மாதங்களில் திரும்பி வந்தார். படகு வரவில்லை. அண்ணன் படிப்பை விட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். அவள் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளை விட்டுவிடக் கூடாது என்று நாங்கள் எல்லா ஆசிரியர்களும் கண்ணாய் இருக்கிறோம்.

இதை உருக்கத்துக்காகச் சொல்லவில்லை. ஊரார் வேடிக்கை பார்க்கும் இடம், நம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் காத்திருக்கும் இடமாக இருக்கலாம். போகும் இடத்தைத் தெரிந்துகொள்வதோடு, கூட்டிப்போகும் பிள்ளைகளின் வீட்டையும் தெரிந்துகொண்டு புறப்படுங்கள்.

சில நடைமுறைகள்

இனிச் செய்முறைக்கு வருகிறேன். தலைமை ஆசிரியர் வழியாக உரிய அனுமதியையும் ஒவ்வொரு பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஒரு நாளுக்கு நான்கு இடங்களுக்கு மேல் வேண்டாம். எங்கே நிறுத்துவது என்பதைச் சுத்தமான கழிவறை எங்கே இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்து மதியம் மயங்கி விழுவதற்குக் காரணம் இதுதான். கடலில் கால் நனைப்பதற்கு மேல் அனுமதி இல்லை. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் பொறுப்பு.

ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு தாள் இருக்கட்டும். அதில் மூன்றே கேள்விகள். இது ஏன் இந்த இடத்தில் இருக்கிறது? யார் உழைப்பில் உருவானது? இன்று இங்கே யார், எப்படிப் பிழைக்கிறார்கள்? தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துக்குப் பதில் ஓவியம் போதும். திரும்பி வந்த வாரத்திலேயே தாள்களைத் தொகுத்து, சுவரில் ஒரு பெரிய விரிகுடா வரைபடமாக ஒட்டிவிடுங்கள். அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத்தான் புறப்படுவார்கள்.

இன்னொன்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கும் சூன் முதல் வாரங்களில் விசைப்படகுத் தந்தையர் கரையில்தான் இருப்பார்கள். அப்போது அவர்களைப் பள்ளிக்கு அழையுங்கள். வலை பின்னுவதும் முடிச்சுப் போடுவதும் காற்று பார்ப்பதும் அவர்களே சொல்லித்தரட்டும். தன் அப்பா வகுப்பில் நின்று பாடம் நடத்துவதைப் பார்த்த பிள்ளை அதை எளிதில் மறக்காது.

கடலோரத்தில் இல்லாத பள்ளியினர் இது நமக்குப் பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு ஓர் ஏரி இருக்கும், ஒரு கணவாய் இருக்கும், ஒரு பழைய சந்தை இருக்கும். அதைச் சுற்றிப் பத்து ஊர்ப் பெயர்கள் இருக்கும். வரைபடத்தில் அந்தப் பெயர்களைத் தேடுவதிலிருந்து தொடங்குங்கள். இந்தப் பருவத்திலேயே ஒரு பயணம் போய்வந்து, பிள்ளைகள் எழுதிய தாள்களில் ஒன்றிரண்டை அடுத்த பயிற்சிக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் பிள்ளைகள் எழுதியதை நானும் கொண்டுவருகிறேன்.